மில் மூடிய பின்னும் விளக்கெரியும் ஊர்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலிருந்து தென்கிழக்கே ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போனால் லானர்க் என்ற பழைய சந்தை ஊர் வரும். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் கீழே இறங்கினால் நியூ லானர்க். இறங்கித்தான் ஆக வேண்டும். ஊர் இருப்பது கிளைட் நதி அறுத்துவைத்த ஆழமான பள்ளத்தாக்கின் அடியில். பாதி வழி வரைக்கும் அங்கே ஊர் இருப்பதே தெரியாது. கடைசி வளைவில்தான் ஸ்லேட் கூரைகள் தெரியும், அதற்கும் கீழே மணற்கல்லில் கட்டிய நான்கைந்து மாடிக் கட்டடங்கள் ஆற்றோரமாக வரிசை கட்டி நிற்கும். தண்ணீர்ச் சத்தம் மட்டும் முன்பே கேட்டுவிடும்.

2001 முதல் இது யுனெஸ்கோ உலக பாரம்பரியத் தலம். ஆண்டுக்கு லட்சக்கணக்கானோர் வந்து பார்க்கிறார்கள். வருபவர்களில் பலர் இதை ஒரு பெரிய அருங்காட்சியகம் என்றே நினைத்துத் திரும்பிவிடுவார்கள். ஆனால் அந்தக் கல் கட்டடங்களில் பல இன்றும் குடியிருப்புகள்தான். ஜன்னலுக்குப் பின்னால் யாரோ சமைத்துக்கொண்டிருப்பார்கள், பள்ளிக்கூடப் பை வாசலில் கிடக்கும். அறுபது எழுபது வீடுகள், இருநூறுக்கும் குறைவான மக்கள். ஒரு காலத்தில் இங்கே 2,500 பேர் வாழ்ந்தார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் குடியிருப்பது எப்படி இருக்கும் என்று கேட்டால் அருவி, பனி, அமைதி என்று சொல்லத் தோன்றும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த ஊரைப் புரிந்துகொள்ள அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த வீடுகள் யாருடையவை? ஏறத்தாழ 180 ஆண்டுகள் அவை இங்கிருந்த பஞ்சு மில்லுக்குச் சொந்தம். வேலை இருந்தால் வீடு, வேலை போனால் வீடும் போகும். அந்தக் கட்டு எப்படி அவிழ்ந்தது என்பதில்தான் இந்த ஊர் பிழைத்த கதையே இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைத் தெரிந்த நமக்கு அந்தக் கதை தூரத்துக் கதை இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். கிளைட் நதி இந்த இடத்தில் சில கிலோமீட்டருக்குள் நான்கு அருவிகளாக விழுகிறது. அவற்றில் பெரியது கோரா லின், 84 அடி. ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘லின்’ என்றால் அருவி. நூற்பு இயந்திரங்களைத் தண்ணீரால் சுழற்றும் முறையை வளர்த்த ரிச்சர்ட் ஆர்க்ரைட்டும், கிளாஸ்கோ வணிகர் டேவிட் டேலும் இந்தச் சரிவைப் பார்த்ததும் மில்லுக்கு இதுதான் இடம் என்று முடிவு செய்தார்கள். 1785-ல் வேலை தொடங்கியது, 1786-ல் நூல் வந்தது. ஆற்றை மேலே மறித்து, பாறைக்குள் சுமார் முந்நூறு அடிக்குச் சுரங்கம் குடைந்து, வாய்க்கால் வழியே தண்ணீரைக் கொண்டுவந்து சக்கரங்களின் மேல் விட்டார்கள். இன்றும் அந்த வாய்க்கால் மில் கட்டடங்களுக்கும் ஊர்த் தெருவுக்கும் நடுவில் ஓடுகிறது.

தண்ணீர் கிடைத்துவிட்டது, ஆள் கிடைக்கவில்லை. பள்ளத்தாக்கின் அடியில், நகரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கதவை மூடிக்கொண்டு பகலெல்லாம் இயந்திரத்தின் முன் நிற்க யார் வருவார்கள்? அக்கம்பக்கத்து விவசாயிகள் வர விரும்பவில்லை. அதனால் டேல் வீடு கட்டினார். வேலையோடு வீடும் தருகிறேன் என்பதுதான் அவர் வைத்த தூண்டில். வடக்கே மலைநாட்டில் நிலத்தை விட்டு விரட்டப்பட்டவர்களும், பிழைக்க வழியில்லாமல் கிளம்பியவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1791-ல் ஸ்கை தீவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயரக் கிளம்பிய ஒரு கப்பல் புயலில் சிக்கி கிரீனாக் துறைமுகத்தில் ஒதுங்கியபோது, டேல் அந்த மக்களிடம் ஆள் அனுப்பிப் பலரை இங்கே அழைத்துக்கொண்டார். ஊரில் இன்றும் ‘கெய்த்னஸ் வரிசை’ என்று ஒரு வீட்டு வரிசை இருக்கிறது. வடகோடி மாவட்டமான கெய்த்னஸிலிருந்து வந்தவர்களால் வந்த பெயர் அது.

மீதி ஆள் பலம் குழந்தைகள். 1793-ல் மில்லில் 1,157 பேர் வேலை செய்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 800 பேர் சிறுவர் சிறுமியர். எடின்பரோ, கிளாஸ்கோ அனாதை விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். நான்காம் மில்லின் மாடியிலேயே படுக்கை, ஒரு கட்டிலில் மூன்று பேர். காலை ஆறு மணி முதல் மாலை ஏழு மணி வரை வேலை, ஏழிலிருந்து ஒன்பது வரை பள்ளிக்கூடம். அந்தக் காலத்துக்கு இது நல்ல இடம் என்றே பெயர் வாங்கியது. குழந்தைகளுக்குச் சோறு, துணி, எழுத்து எல்லாம் கிடைத்ததால் டேலை வள்ளல் என்றார்கள். அப்படியென்றால் மற்ற இடங்கள் எப்படி இருந்திருக்கும்!

ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். பழைய தொழிலாளர் வீடு ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஒரே அறை. எதிர்ச் சுவரில் அலமாரி போலக் குடைந்த இரண்டு கட்டில்கள், முன்னால் திரை. அதன் அடியில் சக்கரம் வைத்த இன்னொரு கட்டில். பகலில் உள்ளே தள்ளிவிடுவார்கள், ராத்திரி இழுத்து வெளியே போடுவார்கள். அதற்கு ‘ஹர்லி’ என்று பெயர். பெற்றவர்கள் ஒரு கட்டிலில், பெரிய பிள்ளைகள் இன்னொன்றில், சின்னவை எல்லாம் ஹர்லியில் தலைமாற்றிப் படுத்துக்கொள்ளும். ஒரு மூலையில் கணப்பு. குளிர் காய்வதும் சமையலும் ஈரத் துணி உலர்வதும் அந்த ஒரே நெருப்பில். தண்ணீர் வெளியிலிருந்து வாளியில் வர வேண்டும், கழிவு அதே வாளியில் வெளியே போக வேண்டும். எட்டுப் பத்துப் பேர் கொண்ட குடும்பம் இந்த ஓர் அறையில். ஆற்றோரத்தில் நின்று பார்க்கும்போது அரண்மனை போல் நீளும் அந்தக் கட்டடங்களின் உள்ளே இருந்தது இதுதான்.

1799-ல் ராபர்ட் ஓவன் என்ற வேல்ஸ் நாட்டு இளைஞர் கூட்டாளிகளோடு சேர்ந்து 60,000 பவுண்டுக்கு மில்லை வாங்கினார். அதே ஆண்டு டேலின் மகள் கேரலைனைத் திருமணம் செய்துகொண்டார். 1800 தொடக்கத்தில் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி என்று உலகம் கொண்டாடும் ஓவன் இவர்தான்.

அவர் செய்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. அனாதைச் சிறுவர்களைக் கூட்டி வருவதை நிறுத்தினார். பத்து வயதுக்குக் கீழ் யாரும் மில்லுக்குள் வரக் கூடாது என்றார். பதின்மூன்று பதினான்கு மணி நேர வேலையைப் பத்தரை மணி நேரத்துக்குக் கொண்டுவந்தார். அமெரிக்கா பருத்தி ஏற்றுமதியை நிறுத்தியபோது நான்கு மாதம் மில் ஓடவில்லை. அப்போதும் முழுச் சம்பளம் கொடுத்தார். அதற்கு மட்டும் 7,000 பவுண்டுக்கு மேல் ஆனது. ஊர்க் கடையில் சரக்கை மொத்தமாக வாங்கி, அடக்க விலைக்குக் கொஞ்சம் மேலே விற்று, வந்த லாபத்தைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பினார். 1816 புத்தாண்டு அன்று அந்தப் பள்ளி திறந்தது. நடக்கப் பழகிய குழந்தைகளிலிருந்தே சேர்த்துக்கொண்டார்கள். அடி கிடையாது, பரிசும் கிடையாது. பாட்டு, நடனம், பூகோளம், காட்டில் நடந்து செடி கொடி பார்ப்பது, இப்படித்தான் பாடம் நடந்தது.

ஆனால் இதற்கெல்லாம் ஒரு விலை இருந்தது. அந்த விலை வீட்டுக்குள் வசூலானது. வாரம்தோறும் வீடு வீடாகச் சுத்தம் சோதிக்கக் குழு போனது. படுக்கையைப் புரட்டிப் பார்ப்பார்கள். ஊர்ப் பெண்கள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘பூச்சி வேட்டைக்காரர்கள்’. சில வீடுகளில் கதவைத் திறக்கவே மறுத்தார்கள். குளிர்காலத்தில் ராத்திரி பத்தரைக்கு மேல் தெருவில் நடமாடக் கூடாது. மில்லுக்குள் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு சின்ன நாற்பக்க மரக்கட்டை தொங்கியது. நான்கு பக்கத்துக்கு நான்கு நிறம். நேற்று உன் நடத்தை மோசமென்றால் கறுப்பு, சுமார் என்றால் நீலம், நல்லது என்றால் மஞ்சள், மிக நல்லது என்றால் வெள்ளை. யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை. நடந்து போகும் முதலாளி ஒரு பார்வையில் தெரிந்துகொள்வார், பக்கத்தில் நிற்பவர்களும் தெரிந்துகொள்வார்கள். நல்ல முதலாளி கிடைத்த ஊர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நல்லவரோ கெட்டவரோ, முதலாளியே வீட்டுக்காரராகவும் இருந்தால் உங்கள் படுக்கை வரை அவர் வந்துவிடுவார். ஓவனிடம் இருந்த நல்ல மனசாலும் அதை மாற்ற முடியவில்லை.

இங்கே நூற்ற பருத்தி எங்கிருந்து வந்தது என்பதையும் விடக் கூடாது. மேற்கிந்தியத் தீவுகளிலும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் அடிமைகள் பறித்த பருத்தி அது. 1791-ல் கிளாஸ்கோவில் அடிமை வணிகத்தை எதிர்க்கும் சங்கம் தொடங்கியபோது அதன் தலைவராக இருந்தவர் இதே டேவிட் டேல். சங்கத்துக்கும் தலைவர், அந்தப் பருத்திக்கும் வாடிக்கையாளர். இந்த இரண்டும் ஒரே மனிதருக்குள் எப்படி ஒத்துப்போயின என்று எனக்கு விளங்கவில்லை.

1815-க்கும் 1825-க்கும் இடையில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர் ஊரைப் பார்க்க வந்தார்கள். பின்னாளில் ரஷ்ய ஜார் ஆன நிக்கோலஸ் 1816-ல் வந்துபோனார். வெள்ளைப் பருத்தி அங்கி போட்ட குழந்தைகள் அவர்கள் முன் ஆடிக் காட்டின. வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கு நடுவில் வாழ்வது இந்த ஊருக்கு இருநூறு வருடப் பழக்கம் என்று இதை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஓவன் 1820-களின் நடுவில் அமெரிக்காவில் புது சமுதாயம் அமைக்கப் போய்விட்டார். மில் கைமாறியது. கடைசியாகக் கயிறும் கித்தானும் செய்யும் கூராக் நிறுவனத்திடம் வந்து, மீன்வலை, கூடாரத் துணி, சர்க்கஸ் கொட்டகைத் துணி என்று 20-ம் நூற்றாண்டிலும் ஓடியது. வீட்டுக்குள் வாழ்க்கை மட்டும் மெதுவாகத்தான் மாறியது. 1933-ல்தான் வீடுகளுக்குள் குளிர்ந்த தண்ணீர்க் குழாய் வந்தது, வெளியே இருந்த கழிப்பறைகள் கட்டடத்துக்குள் வந்தன. மில் ஆற்றில் எடுத்த மின்சாரத்தை வீடுகளுக்கு இலவசமாகத் தந்தது. அறைக்கு ஒரு மங்கலான பல்பு எரியும் அளவுக்குத்தான். அதையும் ராத்திரி பத்து மணிக்கு மில்லில் அணைத்துவிடுவார்கள். சனிக்கிழமை மட்டும் பதினொன்று. 1955-ல் தேசிய மின்கட்டமைப்பில் இணைத்த பிறகுதான் இது நின்றது. ஓவன் காலத்து ராத்திரிக் கட்டுப்பாடு முடிந்து நூறு வருடம் கழித்தும், எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும் என்பதை மில்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இனி நான் சொல்ல வந்த இடம். மில் 1968-ல் மூடியது. ஆனால் அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1963-லேயே, வீடுகளை மில்லிடமிருந்து பிரித்துவிட்டார்கள். நியூ லானர்க் அசோசியேஷன் என்ற வீட்டு வசதிச் சங்கம் ஒன்று அமைந்தது. வீடுகளைப் பழுதுபார்க்கும் செலவைத் தாங்க முடியாத நிறுவனம் அவற்றைப் பெயரளவு விலைக்குச் சங்கத்திடம் தள்ளிவிட்டது. சங்கம் கெய்த்னஸ் வரிசையைப் புதுப்பித்து, சமையலறை, குளியலறையோடு வாடகைக்கு விட்டது. இரண்டு மூன்று பழைய ஒற்றை அறைகளைச் சேர்த்தால் ஒரு வீடு. அந்த ஐந்து வருடம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்பது என் கணிப்பு. மில் மூடியபோது வேலை போனது. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் தெருவுக்கு வரவில்லை. வாடகை கட்டினால் இருக்கலாம் என்ற நிலை வந்துவிட்டிருந்தது. சில குடும்பங்களாவது அங்கே தங்கின. ஆள் இருந்ததால்தான் காப்பாற்றுவதற்கு ஓர் ஊர் இருந்தது.

மில் கட்டடங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1970-ல் பழைய உலோகத்திலிருந்து அலுமினியம் பிரிக்கும் ஒரு நிறுவனம் அவற்றை வாங்கியது. முற்றமெல்லாம் இரும்புக் குப்பை, கூரையெல்லாம் ஓட்டை. இடித்துவிடலாம் என்ற பேச்சும் வந்தது. 1970-களின் நடுவில் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்று அமைந்து, பல வருடம் போராடி, 1983-ல் கட்டாயக் கொள்முதல் ஆணை மூலம் மில்களை மீட்டது. சில வீடுகளை வெறும் சுவரும் கூரையுமாக விற்றார்கள். வாங்குபவரே உள்ளே கட்டிக்கொள்ள வேண்டும். கையில் பணம் குறைவாகவும் உடம்பில் தெம்பு அதிகமாகவும் இருந்தவர்கள் வந்து கட்டினார்கள். முதல் மில்லை ஹோட்டலாக்கி 1998-ல் திறந்தார்கள்.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை என்றேனே, அதற்கு வருகிறேன். டேவிட் டேல் இன்னொரு ஆற்றங்கரை மில் ஊருக்கும் பங்காளி. ஏர் நதிக்கரையில் 1787-ல் உருவான காட்ரின். அதில் அவருடைய கூட்டாளி கிளாட் அலெக்சாண்டர், வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குச் சம்பளப் பட்டுவாடா அதிகாரியாக இருந்து பணத்தோடு திரும்பியவர். இந்தியாவில் சேர்த்த காசு ஸ்காட்லாந்தில் ஓர் ஆற்றங்கரை ஊராக முளைத்தது. அந்தக் காட்ரினை 1801-ல் ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனி வாங்கியது. சில வருடங்களில் டீத் நதிக்கரையில் இருந்த டீன்ஸ்டன் மில்லையும் சேர்த்துக்கொண்டது. ஃபின்லே என்றதும் மூணாறுக்காரர்களுக்குப் புரிந்திருக்கும்.

1890-களில் ஃபின்லே கம்பெனியின் தலைமையில் இருந்தவர் சர் ஜான் மியூர். டீன்ஸ்டன் மாளிகையில் வாழ்ந்தவர். ‘டீன்ஸ்டன்’ என்பதையே தன் பட்டத்தோடு சேர்த்துக்கொண்டவர். கண்ணன் தேவன் மலைகளில் பெரிய அளவில் தேயிலை போட முடிவு செய்தவர்களில் முக்கியமானவர் இவர். 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி உருவானது. மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தமிழ்க் குடும்பங்கள் போடி வழியாக மலையேறின. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்று மூன்று ஆறு கூடும் மூணாறைச் சுற்றி லயங்கள் எழுந்தன. ஆள் இல்லாத இடத்தில் தொழில் தொடங்கி, ஊரிலிருந்து பெயர்ந்தவர்களைக் கொண்டுவந்து, வேலையோடு சேர்த்து வீடு கொடுக்கும் அதே முறை. வரிசையாக ஓரறை ஈரறை வீடுகள், கம்பெனி மணி, கம்பெனிக் கடை, கம்பெனி ஆஸ்பத்திரி. கிளைட் கரையிலும் டீத் கரையிலும் பழகிய கணக்கு மலை ஏறி வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் மூணாறில் அந்த 1963 இன்னும் வரவில்லை. ஃபின்லே போய், 1983-ல் டாடா வந்து, 2005-ல் தொழிலாளர்களுக்கும் பங்குள்ள புதுக் கம்பெனி வந்துவிட்டது. வீடு மட்டும் இன்றும் வேலையோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முப்பது நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர் ஓய்வு பெற்றால், பிள்ளைகளில் ஒருவராவது தோட்ட வேலைக்கு வராவிட்டால், லயத்தைக் காலி செய்ய வேண்டும். மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்த இடத்தில் அவர்கள் பெயரில் ஒரு சென்ட் நிலம் இருக்காது. 2015-ல் பெம்பிளை ஒருமை என்று பெண்கள் தாங்களாகவே திரண்டு சாலையில் உட்கார்ந்தது போனஸுக்கும் கூலிக்கும்தான். ஆனால் அவர்கள் பேச்சில் வீடும் திரும்பத் திரும்ப வந்தது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் போனார்கள். எங்கே குடியிருப்பது என்பதை அவர்கள் தேர்ந்தெடுத்ததே இல்லை. நியூ லானர்க்கின் ஜன்னல்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த லயங்கள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

டீன்ஸ்டன் என்ன ஆனது என்றும் கேட்பீர்கள். அங்கே மில் 1965-ல் மூடியது. ஆனால் ஆற்றுக்கு வேறு வேலை கிடைத்தது. அதற்கு அடுத்த வருடமே மில்லை விஸ்கி வடிக்கும் ஆலையாக மாற்றத் தொடங்கினார்கள். நெசவுக் கொட்டகை ஒன்று அங்கே உண்டு. செங்கல் வளைவுகளால் ஆன கூரை, அதன் மேல் மண் கொட்டிப் புல் வளர்த்திருப்பார்கள். காற்று உலர்ந்தால் பருத்தி நூல் அறுந்துவிடும் என்பதால், உள்ளே எப்போதும் ஒரே குளுமையும் ஈரமும் இருக்க அந்த ஏற்பாடு. விஸ்கி பீப்பாய்க்கும் வேண்டியது அதேதான். இன்று அந்த வளைவுகளின் கீழ் பீப்பாய்கள் தூங்குகின்றன. டீத் நதியின் தண்ணீர்தான் டர்பைனையும் சுழற்றுகிறது, மிஞ்சும் மின்சாரம் வெளியே போகிறது. காட்ரினுக்கு இந்த வாய்ப்பும் இல்லை. மில்லை இடித்துக்கொண்டிருந்தபோதே 1963-ல் தீப்பிடித்து அழிந்தது.

சரி, இன்றைக்கு நியூ லானர்க்கில் குடியிருந்தால் எப்படி இருக்கும்?

முதலில் வெளிச்சம். டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்கு விடிந்து நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். பள்ளத்தாக்கு என்பதால் வெயில் தரையைத் தொடும் நேரம் இன்னும் குறைவு. ஜூனில் ராத்திரி பத்து மணிக்கும் வானம் வெளுத்துக் கிடக்கும், அதோடு கண்ணுக்குத் தெரியாத மிட்ஜ் பூச்சிகள் கடிக்கும். ஊருக்கு வெளியே எதற்குப் போனாலும் ஏற்றம். லானர்க்கில் கடை, ரயில் நிலையம் எல்லாம் உண்டு. ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு போவது இறக்கம், வெறுங்கையோடு போவது ஏற்றம் என்பதில் ஓர் ஆறுதல்.

அப்புறம் விதிகள். ஊர் முழுவதும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள், பல உச்ச வகையைச் சேர்ந்தவை. சுவரில் டிஷ் ஆண்டெனா வைக்கக் கூடாது. மின்சாரம், தொலைபேசி, தொலைக்காட்சிக் கம்பிகள் எல்லாம் மண்ணுக்கடியில். வாசல் கதவு எப்படி இருக்க வேண்டும், ஜன்னலில் கண்ணாடி எத்தனை கட்டமாக இருக்க வேண்டும், மரத்துக்கு என்ன சாயம் என்பதற்கெல்லாம் ஒரே மாதிரி ஒழுங்கு. ஜன்னல் பழுதானால் பிளாஸ்டிக் ஜன்னல் வாங்கிப் பொருத்திவிட முடியாது. அனுமதி வாங்கி, மரத்தச்சரைப் பிடித்து, பழையபடியே செய்ய வேண்டும். மணற்கல் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லே செதில் செதிலாக உரியும். சுண்ணாம்புக் காரைதான் பூச வேண்டும், அது தெரிந்த கொத்தனாருக்குக் கூலி அதிகம். இரண்டடிக் கல் சுவர், குளிரை வாங்கி வைத்துக்கொள்ளும். வெப்பமூட்டும் செலவு புது வீட்டுக்காரரைவிடக் கூடும்.

அதோடு வேடிக்கை பார்ப்பவர்கள். கோடைப் பகலில் உங்கள் படிக்கட்டில் யாரோ உட்கார்ந்து படம் எடுப்பார்கள். கதவு திறந்திருந்தால் இதுவும் அருங்காட்சியகம் என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். நம் ஊரில் ஒரு செட்டிநாட்டு வீட்டுக்காரரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

இதையெல்லாம் கேட்டால் பழையபடி ஒரு முதலாளியின் கட்டுப்பாடுதானே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிஷ் ஆண்டெனா வேண்டாம் என்பது உங்கள் சுவரின் வெளிப்புறத்துக்கான விதி. பூச்சி வேட்டைக்காரர்கள் வந்தது உள்ளே. இன்றைய வாடகைக்காரருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அறக்கட்டளையில் வேலை பார்த்தால்தான் வீடு என்ற நிபந்தனை இல்லை. கிளாஸ்கோவில் வேலை பார்த்துவிட்டு ரயிலில் திரும்பலாம், வேலையே இல்லாமல் ஓய்வூதியத்தில் இருக்கலாம். வரிசை வீடுகளில் பொதுப் படிக்கட்டை முறைவைத்துக் கழுவும் ஸ்காட்லாந்துப் பழக்கம் மட்டும் அக்கம்பக்கத்தாரின் உரிமையாக நீடிக்கும்.

இதில் ஒரு கவலை உண்டு, மறைக்கவில்லை. பராமரிப்புச் செலவு முழுவதையும் வாடகை தாங்காது. பார்வையாளர் டிக்கெட், ஹோட்டல், பழைய இயந்திரத்தில் நூற்கும் கம்பளி நூல், ஆற்று மின்சாரம் என்று பல கிளையில் வரும் பணத்தில்தான் ஊர் நிற்கிறது. 1963-ல் தொடங்கிய வீட்டு வசதிச் சங்கம் 2009-ல் இனிச் சமாளிக்க முடியாது என்று கலைந்து, வாடகை வீடுகள் அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தன. சுற்றுலா படுத்தால் ஊரும் தள்ளாடும். மில்லை நம்பியிருந்த ஊர் இப்போது பார்வையாளரை நம்பியிருக்கிறது. வீடு மட்டும் அந்தக் கணக்கிலிருந்து பாதி விலகி நிற்பதுதான் வித்தியாசம்.

ஆறும் பழைய ஆறு இல்லை. ஊருக்கு மேலே பானிங்டனில் 1927 முதல் நீர்மின் நிலையம் ஓடுகிறது. கோரா லின்னில் விழ வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதி குழாய் வழியே அதற்குள் போய்விடும். மின் நிலையத்தைப் பழுதுபார்க்க நிறுத்தும் சில நாட்களில் மட்டும் அருவிக்கு முழுத் தண்ணீரும் விடுவார்கள். அன்றைக்குச் சுற்றுவட்டாரமே கரையில் கூடும். டர்னர் வரைந்ததும், 1803-ல் வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கை டோரதியும் கோல்ரிட்ஜும் வந்து பார்த்ததும் அந்த முழு அருவியைத்தான். மற்ற நாட்களில் ஊரோரத்துச் சின்ன அருவியான டண்டாஃப் லின்னின் இரைச்சல்தான் வீடுகளுக்குக் கேட்கும். குடியிருப்பவர்களுக்கு அதுதான் ‘ஆறு’.

மூன்றாம் மில்லில் 1931-ல் வைத்த டர்பைன் இன்னும் சுழல்கிறது, அருங்காட்சியகப் பகுதிகளுக்கு மின்சாரம் தருகிறது. வேலைக்கு அழைத்த மணி ‘நியூ பில்டிங்ஸ்’ கூரையின் மேல் அப்படியே இருக்கிறது. வருடத்தில் ஒரே ஒரு ராத்திரி, ஸ்காட்லாந்துக்காரர்கள் ஹொக்மனே என்று கொண்டாடும் டிசம்பர் 31 அன்று, புத்தாண்டு பிறக்கும்போது அதை அடிக்கிறார்கள். கெய்த்னஸ் வரிசை ஜன்னல்களில் அப்போது விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதை எத்தனை மணிக்கு அணைப்பது என்பது உள்ளே இருப்பவர்கள் பாடு.